பஸ்ஸில் உதிர்ந்த கிளி

வில்சன் சார் எப்படிப்பட்டவர் என்று யார் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விக்கல் எடுத்துவிடும். சிலர் இதைப் பொறாமை என்கிறார்கள். பொறாமைக்கும் விக்கலுக்கும் என்ன சம்பந்தம்? யாராவது நம்மை நினைத்தால் விக்கல் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ராஜபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் ஓயாமல் என்னையே நினைத்துக்கொண்டிருந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை. நவநீதகிருஷ்ணன் சார் என்று கேட்டால் தெரியாது என்பார்கள். வட்டம் சார் என்று கேளுங்கள், வீட்டு வாசலுக்கே கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், வேலை பார்த்தது ராஜபாளையம். ரிட்டயர் ஆகிறவரை தினமும் பஸ்ஸில் போய்க் கணக்கு நடத்திவிட்டு வந்தவன். காம்பஸ் இல்லாமல் வெறுங்கையால் கரும்பலகையில் வட்டம் போடுவேன். ஒரு வருஷம் காலாண்டு லீவுக்கு முந்தின நாள் போட்ட வட்டத்தில் ஒரு பல்லி ஏறிவிட்டது. ஆரம்பம் எது, முடிவு எது என்று தெரியாமல் அந்தக் கோட்டின் மேலேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. லீவு முடிந்து கதவைத் திறந்து பார்த்தால் பாதியாக மெலிந்துபோய் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் டஸ்டரால் ஓரிடத்தில் அழித்து வழி விட்ட பிறகுதான் இறங்கியது. ஹெட்மாஸ்டரே பார்த்தார். அவர் இப்போது இல்லை, இருந்தால் அவரிடமே நீங்கள் கேட்கலாம்.

இந்த விஷயத்தை ஊரே நம்பியது. என் வீட்டுக்காரி பாண்டிசெல்வி மட்டும் நம்பவில்லை. அவளுக்கு வடிவியலில் அக்கறை கிடையாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சாப்பிடும்போது செங்கோண முக்கோணத்தைப் பற்றி ஆரம்பித்தால் மோர் ஊற்றட்டுமா என்பாள். நாற்பது வருஷமாக நான் எந்தத் தேற்றத்தை ஆரம்பித்தாலும் அது மோரில்தான் போய் முடியும். பழகிவிட்டது.

அப்படிப்பட்டவளைத்தான் போன வருஷம் ஒரு சனிக்கிழமை நானே வில்சன் சாரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

வில்சன் சாரும் என்னைப்போலக் கணக்கு வாத்தியார்தான். ராஜபாளையத்திலேயே வேறொரு பள்ளிக்கூடத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி தவறிப்போய்ச் சில வருஷம் ஆகிறது. வெள்ளை நாய் ஒன்று மட்டும்தான் துணை, அசல் ராஜபாளையம் ஜாதி. மூடிப்போன மில் ஒன்றில் பஞ்சு மூட்டை அடுக்கிய கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து, சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு வடிவியல் நடத்தினார். ஒன்றிரண்டு பழைய மூட்டை தவிரப் பஞ்செல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் காற்று அடித்தால் சுவரிலிருந்து பஞ்சு பறக்கும். பிள்ளைகள் தும்மிக்கொண்டே கணக்குப் படிப்பார்கள்.

போர்டு கிடையாது, சாக்பீஸ் கிடையாது. தென்னை ஈர்க்கு, புளியங்கொட்டை, வாழை இலை, வெண்டைக்காய், ஆரஞ்சுப் பழம். பார்த்தால் வடிவியல் வகுப்பு மாதிரி இல்லை, யாரோ சீமந்தத்துக்குச் சாமான் இறக்கி வைத்த மாதிரி இருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வட்டம் போடத் தெரியாத மனுஷன், காய்கறியை வைத்து ஒப்பேற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அவர் வாழை இலையை முக்கோணமாக நறுக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஒருத்தர் முக்கோணம் மாதிரி இன்னொருத்தர் முக்கோணம் இருக்காது. சிலது ஒல்லி, சிலது குட்டை. மூன்று முனைகளையும் கிழித்து எடுங்கள், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்ட வையுங்கள் என்றார். பிள்ளைகள் வைத்தார்கள். எந்த முக்கோணமாக இருந்தாலும் மூன்று முனையும் சேர்ந்து அடியில் ஒரு நேர்கோடு வந்துவிட்டது. ஒரு பிள்ளை நம்பாமல் இன்னொரு இலை வாங்கிக் கிழித்துப் பார்த்தது. அதுவும் நேர்கோடு.

நான் பாண்டிசெல்வியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கையிலும் ஒரு வாழை இலை. அவளும் கிழித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் எனக்குப் போட்ட இலையின் ஓரத்தை முக்கோணமாகக் கிள்ளி, முனைகளைக் கிழித்து, என் சோற்றுக்குப் பக்கத்தில் அடுக்கிக் காட்டினாள். பாத்தீகளா, நேரா வருது என்றாள். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் நூற்றியெண்பது பாகை என்று இந்த வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேனே என்றேன்.

"நீங்க சொன்னீக," என்றாள். "வில்சன் அண்ணன் காட்டுனாவ."

அப்போதுதான் முதல் விக்கல் வந்தது. மோர் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளே முதலில் கிளம்பிவிடுவாள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் எனக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லாமல் போனது. நான்தான் பின்னாலேயே ஓடிப்போய் ஏறுவேன். வீட்டில் வெண்டைக்காய் வாங்கினால் குழம்பில் போடுவதற்கு முன்னால் குறுக்கே நறுக்கிப் பக்கங்களை எண்ணுவாள், பெரும்பாலும் ஐங்கோணம். கத்தரிக்காயை நேராக வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் நீள்வட்டம் என்று எனக்கே சொல்லித் தந்தாள். நீள்வட்டத்தை நான் எத்தனை பரீட்சைத் தாளில் திருத்தியிருப்பேன். அதெல்லாம் அவளுக்குக் கணக்கில் இல்லை. வில்சன் அண்ணன் அப்படிச் சொன்னாவ, வில்சன் அண்ணன் இப்படிச் செஞ்சாவ. விக்கலில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்த முறையில் பார்த்தால் எனக்கு மச்சான் ஆகிறார். மச்சான் முறை உள்ளவன்மேல் ஒரு மனுஷன் சந்தேகப்பட முடியாது, நானும் படவில்லை. என் வருத்தம் வேறு. என் பெண்டாட்டி இன்னொருத்தர் முக்கோணத்தைப் பார்த்துக் கண்ணை விரிக்கிறாள். என் முக்கோணத்தைப் பார்த்து விரித்ததில்லை.

ஒரு வாரம் ஆரஞ்சுப் பழம் நடந்தது. பழத்தை இரண்டாக வெட்டி, வெட்டின வாயைத் தாளில் வைத்து நான்கு வட்டம் வரைந்துகொள்ள வேண்டும். பிறகு தோலை உரித்துச் சின்னச் சின்னதாகக் கிள்ளி வட்டங்களுக்குள் நிரப்ப வேண்டும். முழுப் பழத்தின் தோலும் சரியாக நான்கு வட்டத்தை நிரப்பும். உருண்டையின் மேல்பரப்பு அதன் நடுவட்டத்தைப்போல நான்கு மடங்கு என்பது இதுதான். பாண்டிசெல்வி நான்கையும் நிரப்பிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினாள்.

எப்படியும் இதில் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும் என்று மறுநாள் அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் நானே உட்கார்ந்தேன். வீட்டில் ஆரஞ்சு இல்லை. மாம்பழம்தான் இருந்தது. உரித்தேன், கிள்ளினேன், ஒட்டினேன். கணக்கு ஒத்துவரவில்லை. தோல் மிச்சம் கிடந்தது. இவ்வளவு நாள் ஊரை ஏமாற்றிய மனுஷனைப் பிடித்துவிட்டோம் என்று தாளோடு வாசலிலேயே போய் நின்றுகொண்டேன். பாண்டிசெல்வி வந்ததும் காட்டினேன். அவள் தாளைப் பார்த்தாள், கொட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது சப்பட்டை மாம்பழம்லா?" என்றாள். "பேர்லயே சப்பட்டைன்னு இருக்கு. உருண்டைக்குச் சொன்ன கணக்கு இதுக்கு எப்படி வரும்?"

நான் தாளைச் சுருட்டி வைத்துவிட்டுப் பழத்தைச் சாப்பிட்டேன்.

அந்த நாய்கூட அவர் பக்கம். வகுப்பில் படுத்துப் படுத்து அதற்கும் வடிவியல் வந்துவிட்டது. வீட்டிலிருந்து கிட்டங்கிக்குத் தெருவழியாக வந்தால் ஒரு திருப்பம் உண்டு. நாய் திருப்பத்துக்கே போகாது. நடுவில் உள்ள காலி மனைக்குள் புகுந்து கர்ணம் பிடித்து நேராக வந்து சேரும். செங்கோண முக்கோணத்தில் கர்ணம் எப்போதும் மற்ற இரண்டு பக்கங்களின் கூட்டலைவிடச் சின்னது என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் நான் தெருவழியாகச் சுற்றி வந்ததைப் பார்த்து அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது கிளி விஷயம்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் ஆண்டாள் கையில் தினமும் ஒரு கிளி இருக்கும். இலையாலும் பூவாலும் அன்றன்றைக்குப் புதிதாகக் கட்டுவார்கள். பிறகு அது யாராவது பாக்கியசாலிக்குப் பிரசாதமாகப் போகும். அதைச் செய்வதற்கென்று உள்ளவர்கள் கை வேறு. பாண்டிசெல்வி செய்வது வீட்டுக் கிளி. சின்ன வயசில் கோயிலில் பார்த்துப் பார்த்துத் தானாகப் பழகியது. மூங்கில் குச்சியால் கூடு கட்டி, மேலே மரவள்ளி இலை சுற்றி, நந்தியாவட்டை இலையால் சிறகு வைத்து, கண்ணுக்குக் குன்றிமணியும் மூக்குக்கு மாதுளம்பூவும் வைப்பாள். பார்த்தால் இப்போது பேசப்போகிறது என்று தோன்றும். ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பூனை அவள் செய்த கிளியைக் கவ்விக்கொண்டு போய், இலை என்று தெரிந்து, அவமானத்தில் ஊரைவிட்டே போய்விட்டது. வன்னியம்பட்டியில் யாரோ பார்த்ததாகச் சொன்னார்கள்.

கொலுவுக்குக் கேட்டால் செய்து தருவாள். தொட்டிலில் கட்டக் கேட்டால் தருவாள். கிரகப்பிரவேசத்துக்குக் கேட்டாலும் தருவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கென்று ஒன்று செய்ததில்லை. ஒரே ஒருமுறை வெட்கத்தை விட்டுக் கேட்டேன். எனக்கு ஒண்ணு செஞ்சு தந்தா என்ன என்றேன்.

"ஒங்களுக்கு எதுக்கு?" என்றாள். "கிளிய வச்சு என்னத்த நிரூபிக்கப் போறீக?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

போன ஆவணியில் வில்சன் சார் பெற்றோரை எல்லாம் கிட்டங்கிக்குக் கூப்பிட்டு, பிள்ளைகள் படித்ததைக் காட்டப்போவதாகச் சொன்னார். அன்றைக்குப் பாடம் சமச்சீர். அதாவது ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ளது அந்தப் பக்கமும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி அப்படியே இருப்பது. வேப்பிலை, பட்டாம்பூச்சி எல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டியாயிற்று, பெரியவர்களும் சொக்கிப்போகிற மாதிரி ஒரு கிளி இருந்தால் நன்றாக இருக்கும், தங்கச்சியால் முடியுமா என்று கேட்டார்.

என் பெண்டாட்டி செத்த நேரம்கூட யோசிக்கவில்லை. எம்புட்டு உயரத்துல வேணும்ணே என்றாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க அதே வேலை. இடது சிறகில் எத்தனை இலையோ அத்தனை வலது சிறகில். ஒரு இலை நீளம் என்று பிரித்துப் பிரித்துக் கட்டினாள். நான் விக்கிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்தக் கிளி வாய் திறந்தால் முதல் வார்த்தை வில்சன் என்றுதான் சொல்லும் என்று எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலையில் குளித்து, நெற்றி நிறைய நாமம் போட்டுக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டிக் கிளம்பினேன். தோற்கப்போகிறவன் துவண்டுபோய்ப் போகக்கூடாது. பாண்டிசெல்வி கையில் தேங்காயும் இலைக்கட்டும் அடங்கிய பை. அதனால் கிளியை என் கையில் கொடுத்தாள். கைய ஆட்டாதீக, காத்துல பிடிக்காதீக, யார் மேலயும் இடிக்க விடாதீக என்று பஸ் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். வத்திராயிருப்பிலிருந்து வருகிற பஸ், நல்ல கூட்டம். அவள் முன்பக்கம் பெண்களோடு உட்கார்ந்துவிட்டாள். நான் பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையில் கிளியோடு நின்றேன்.

ஒரு வாலிபன் என்னைப் பார்த்தான், கிளியைப் பார்த்தான், கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்து இடம் கொடுத்தான். பெரியவருக்கு மரியாதை என்று நினைத்து உட்கார்ந்தேன்.

பின் சீட்டில் இருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஐயா, சீவில்லிபுத்தூர்ல இருந்தா வருது?" என்றார்.

"ஆமா," என்றேன்.

"கிளிதான?"

"கிளிதான்."

"இன்னைக்குக் கட்டுனதா?"

"நேத்து ராத்திரி."

கேட்ட மூன்று கேள்விக்கும் உண்மையைத்தான் சொன்னேன். கொடுத்த விவரங்களை வைத்து அந்த அம்மா தானாக ஒரு முடிவுக்கு வந்தார். வகுப்பில் பிள்ளைகளை இப்படித்தான் விடுவேன், வாத்தியார் குறுக்கே பேசினால் பிள்ளைகள் எப்போது யோசிக்கும்? அந்த அம்மா இரண்டு கையையும் குவித்து, மகளுக்கு வரன் எதுவும் கூடிவர மாட்டேன் என்கிறது, ஒரே ஒரு இலை மட்டும் தரமுடியுமா என்று கேட்டார்.

இது என் வீட்டுக்காரி கட்டினது, வில்சன் சார் வகுப்புக்குப் போகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். வில்சன் என்ற பெயர் நாக்கு நுனிக்கு வந்ததும் விக்கல் முட்டிக்கொண்டு நின்றது. கல்யாணம் ஆகாத ஒரு பெண்ணின் தாயாருக்கு முன்னால் விக்குவது நல்ல சகுனம் இல்லை. வாயை மூடிக்கொண்டு கிளியை நீட்டினேன்.

அந்த அம்மா இடது சிறகிலிருந்து ஒரு இலையை உருவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் விக்கல் அந்த நிமிஷமே நின்றது. மருத்துவத்தில் இதற்கு விளக்கம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

இடது பக்கம் ஒரு இலை குறைந்தால் சமச்சீர் கெட்டுப்போகும். அதனால் ஜன்னலோரம் இருந்த பெரியவர் கேட்டபோது வலது சிறகைக் காட்டினேன். அதற்குப் பிறகு பாடத்தைப் பிசகாமல் நடத்தினேன். இந்தப் பக்கம் ஒருவருக்கு, அந்தப் பக்கம் ஒருவருக்கு. பரீட்சை எழுதப்போகிற பையனுக்கு இடது பக்கம், முட்டிவலிக்காரருக்கு வலது பக்கம். கூட்டத்துக்குள்ளேயே வரிசை உண்டாகிவிட்டது. கண்டக்டர் வாலிலிருந்து ஒன்றை எடுத்து டிக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு, டிரைவருக்கும் ஒன்று வாங்கிக்கொண்டார். டிரைவர் அதை ஸ்பீடோமீட்டருக்கு மேல் செருகியதும் பஸ் தரையைத் தொடாமல் போனது. குழியெல்லாம் கீழே கிடந்தது. அந்த ரோட்டில் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் வரும்போது மூங்கில் கூடு மட்டும் மிச்சம். குன்றிமணிக் கண்கள் இரண்டையும் ஒரே வீட்டு அண்ணன் தங்கை ஆளுக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டார்கள்.

இறங்கினோம். பாண்டிசெல்வி திரும்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். வெறும் குச்சிக் கூடு. நான் வாயெடுப்பதற்குள் அந்த வரன் கூடாத மகளின் தாயார் அவளருகே வந்து, புண்ணியவதி, ஒங்க வீட்டு ஐயாவுக்கு எம்புட்டுப் பெரிய மனசு என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கையில் இலை. பாண்டிசெல்வி அந்த இலையைப் பார்த்தாள். தான் நீளம் பார்த்துக் கட்டிய இலை அவளுக்குத் தெரியாதா? மகளுக்கு நல்லபடியா நடக்கும்மா என்று மட்டும் சொன்னாள். கிட்டங்கி போய்ச் சேரும்வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். நாய்கூட அன்றைக்கு எனக்காகக் குரைத்துப் பார்த்தது.

கிட்டங்கியில் பெற்றோர் நிறைந்திருந்தார்கள். வில்சன் சார் முகம் விழுவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக நான் முன் வரிசையில் நின்றேன். பாண்டிசெல்வி கூட்டை அவர் முன்னால் வைத்து, கிளியை பஸ்ஸில் கேட்டவர்களுக்கு எல்லாம் கொடுத்தாகிவிட்டது என்று சொன்னாள். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை.

மனுஷன் முகம் விழவே இல்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. கொடுத்தது நல்லதுதான் தங்கச்சி, எலும்பு இருக்கே, எலும்பில் நடத்துவோம் என்றார். கூட்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அமுக்கிப் பார்க்கச் சொன்னார். கிளியின் வயிறு நான்கு குச்சியில் கட்டிய சதுரம், அமுக்கினால் ஒரு பக்கமாகச் சரிந்தது. தலையும் வாலும் முக்கோணம், எவ்வளவு அமுக்கினாலும் அசையவில்லை. ஓட்டுக்கூரை போடுகிற கட்டையும், சைக்கிள் பாரும் ஏன் முக்கோணமாக இருக்கிறது என்று பெற்றோர்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள். எலினா என்று ஒரு பிள்ளை, மூன்று குச்சி மட்டும் ஏன் சார் அசைய மாட்டேங்குது என்று கேட்டது.

வில்சன் சார் என்னைப் பார்த்தார். "அதை நவநீதகிருஷ்ணன் சார் சொன்னாத்தான் சரியா இருக்கும்."

கெட்டவனாக இருந்தால் ஒரு மனுஷனைச் சமாளித்துவிடலாம். இவர் இப்படி நடந்துகொண்டால் என்ன செய்வது? நான் முன்னால் போனேன். கை தானாகச் சாக்பீஸைத் தேடியது. இல்லை. பாண்டிசெல்வி பழைய பஞ்சு மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோர் ஊற்றட்டுமா என்கிற பார்வையா, வேறு பார்வையா, தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் மூன்று ஈர்க்கை எடுத்தேன். ஒன்றைத் தரையில் வைத்து இரண்டு முனையிலும் ஒவ்வொரு புளியங்கொட்டையை வைத்தேன். இந்தக் கொட்டையில் ஒரு ஈர்க்கின் நுனியை ஊன்றிச் சுற்றினேன், கிட்டங்கித் தரைத் தூசியில் வில் மாதிரி ஒரு கோடு விழுந்தது. அந்தக் கொட்டையில் மற்ற ஈர்க்கை ஊன்றிச் சுற்றினேன், இன்னொரு வில் விழுந்தது. இரண்டும் வெட்டிக்கொள்கிற இடத்தைக் காட்டி, இந்த இரண்டு குச்சியும் சந்திக்க முடிகிற இடம் உலகத்திலேயே இது ஒன்றுதான், அதனால்தான் முக்கோணம் நகராது, நகர்வதற்கு அதற்கு வேறு இடமே கிடையாது என்றேன்.

கிட்டங்கியில் ஒருவரும் தும்மவில்லை.

பாண்டிசெல்வி மூட்டையை விட்டு இறங்கி வந்தாள். என் முன்னால் குந்தி உட்கார்ந்து என் ஈர்க்குகளை வாங்கிக்கொண்டாள். இரண்டையும் கீழ்ப்பக்கமாகச் சுற்றினாள். அங்கேயும் இரண்டு வில் விழுந்து ஓரிடத்தில் வெட்டிக்கொண்டது.

"கீழயும் சேருதே," என்றாள்.

அது எனக்குத் தெரியாதா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று வேண்டுமென்றேதான் விட்டேன். நாற்பது வருஷமாக விட்டு வைத்திருந்தேன்.

"ஆமா," என்றேன். "ரெண்டு எடம்."

மேலே ஒரு முக்கோணம், கீழே ஒரு முக்கோணம், நடுவில் ஈர்க்கு. அந்த ஈர்க்கில் ஒரு கண்ணாடியை நிறுத்தினால் எப்படித் தெரியுமோ அப்படி. வில்சன் சார் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். இதுதான், இதுதான் இன்றைக்குப் பாடம், கிளியைவிட இதுதான் சமச்சீர் என்று பெற்றோர் எல்லாரையும் சுற்றி வரச் சொல்லிக் காட்டினார். கடைசியில் என் முக்கோணத்தையும் அவர் பாடத்துக்கே கொடுத்துவிட்டு வந்தேன். எல்லாரும் அவரைத்தான் பாராட்டினார்கள். ஆனால் பாண்டிசெல்வி தரையில் இருந்த கோடுகளைத் தாண்டாமல் சுற்றிப்போனதை நான் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாத்திரம் கழுவும் இடத்தில் இருந்து என் பெயரைச் சொல்லாமல், ஏங்க, இங்க வாங்க என்று கூப்பிட்டாள். போனேன். நான் முந்தின நாள் போட்டிருந்த சட்டையை ஒரு கையில் தூக்கிப் பிடித்திருந்தாள். மறுகையில் ஒரு வெற்றிலை மடிப்பு. பிரித்தாள். உள்ளே மாதுளம்பூ. கிளியின் மூக்கு.

"பஸ்ல எல்லாரும் எடுத்தாவ, சரி," என்றாள். "இது யாருக்கு?"

நெருக்கத்தில் உதிர்ந்து சட்டைப் பைக்குள் விழுந்திருக்கும் என்றேன்.

"வெத்தலையில மடிச்சுக்கிட்டா விழுந்துச்சு?"

நான் கிணற்றடியைப் பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. அவள் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு வெற்றிலையைப் பழையபடி மடித்து என் கையில் வைத்துவிட்டுச் சட்டையைத் தண்ணீரில் முக்கினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி மூங்கில் குச்சியும் இலையுமாக உட்கார்ந்தாள். நான் தள்ளி நின்று, யாருக்கு என்று கேட்டேன்.

"வில்சன் அண்ணனுக்கு ஒண்ணு. கண்டக்டர் கேட்டாராம், பஸ்ஸுக்கு ஒண்ணு."

விக்கல் கிளம்பியது. அவள் இன்னொரு கட்டுக் குச்சியைத் தரையில் தட்டி என் பக்கம் தள்ளினாள்.

"மூணாவதுக்கு மூக்கு ஒங்ககிட்ட இருக்கு. கூட்ட நீங்க கட்டுங்க. இலைய நான் சுத்துதேன்."

கட்டினேன். வெறுங்கையால் வட்டம் போடுகிறவனுக்கு ஒரு கூடு கட்ட வரவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பிரித்துக் கட்டட்டுமா என்றேன். வேண்டாம், சாஞ்சாத்தான் பேச்சுக் கேக்கிற மாதிரி இருக்கு என்று சொல்லி, அந்தச் சாய்மானத்துக்கே இலை சுற்றினாள். மூக்கு காய்ந்து கறுத்துப்போயிருந்தது. அதையே வைத்தாள்.

சனிக்கிழமை மூன்று கிளியோடு போனோம். பஸ் கிளி பஸ்ஸில் போனது. வில்சன் சாருக்கு அவர் கிளியைக் கொடுத்தோம். அருமையான கிளி, இடது வலது ஒரு நூல் பிசகில்லை. அவர் அதை வாங்கிக்கொண்டு என் கையில் இருந்ததையே பார்த்தார். இது ஏன் சாய்ந்திருக்கிறது, யார் கட்டினது என்று கேட்டார். ரெண்டு பேரும் சேந்து கட்டுனோம்ணே என்றாள் பாண்டிசெல்வி.

அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாயும் பார்த்தது. சமச்சீர் இல்லாததற்கு உதாரணமாக வைத்துக்கொள்ளலாம், எனக்கு இதையே தந்துவிடுங்களேன் மச்சான் என்றார்.

"தர மாட்டேன்," என்றேன்.

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. தொண்டையைச் செருமினார். அப்புறம் அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் அவருக்குப் பெரிதாக ஒரு விக்கல் எடுத்தது. இன்னொன்று. நிற்கவே இல்லை.

யாரோ அவரை நினைக்கிறார்கள் போலிருக்கிறது. தங்கமான மனுஷன். நான்தான் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.